பேசாத சிப்பும் பார்க்க முடியாத சர்வரும்

கைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டதும் வயல் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்குகிறது என்றால், அதன் பின்னால் குறைந்தது இரண்டு இடங்களில் நிரல் ஓடுகிறது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் நகக்கண் அளவே உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப் ஒன்று இருக்கும். அதில் ஏற்றிய நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கைபேசியிலிருந்து வரும் கட்டளையை வாங்கி அந்தச் சிப்புக்குச் சேர்க்கும் மற்றொரு நிரல், எங்கோ ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த சர்வரில் ஓடும். முதலாவது எம்பெடட் வேலை. இரண்டாவது கிளவுட் வேலை. கதவு மணி, வாஷிங் மெஷின், மின்சார ஸ்கூட்டர் என இன்று கடைக்கு வரும் கருவிகள் பலவும் இந்த இரண்டையும் சேர்த்தே கட்டப்படுகின்றன.

இரண்டும் எதிரெதிர் முனைகள். சிப்பில் சில கிலோபைட் நினைவகத்துக்காக மல்லுக்கட்ட வேண்டும். கிளவுடில் பணம் கட்டினால் நூறு சர்வர் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். இருந்தும் இரு துறைகளிலும் வேலை பார்க்கும் டெவலப்பர்களின் மனக்குறைகள் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. கடினமான கணக்கோ சிக்கலான அல்காரிதமோ அவர்களைச் சோர்வடையச் செய்வது குறைவு. அவற்றுக்காகத்தான் பலர் இந்தத் தொழிலுக்கே வந்திருப்பார்கள். தாங்கள் எழுதிய நிரல் ஏன் ஓடவில்லை என்று பார்க்கும் வழியும், அதை ஓட்ட ஆகும் செலவும், அது எத்தனை ஆண்டு ஓடலாம் என்ற முடிவும் தங்கள் கையில் இல்லாமல் விற்றவர் கையில் இருப்பதே அவர்களை வாட்டுகிறது.

இரு துறைகளின் கதவும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் எல்லோருக்கும் திறந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்பு மாணவர்களுக்காக ஆர்டுயினோ போர்டு உருவானது. அதுவரை மைக்ரோகன்ட்ரோலர் என்றால் விலை கூடிய புரோகிராமர் கருவியும், புரியாத கையேடும், பொறியியல் பட்டமும் வேண்டும் என்ற நிலை. ஆர்டுயினோவுக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் போதும். மறு ஆண்டு மார்ச்சில் அமேசான் கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்3 சேவையையும், ஆகஸ்டில் மணிக்கணக்கில் சர்வரை வாடகைக்கு விடும் இசி2 சேவையையும் கொண்டுவந்தது. சொந்தமாக சர்வர் வாங்கி, அதற்குக் குளிர்சாதன அறை கட்டி, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வசதியில்லாத சிறு நிறுவனங்கள் அதனால் பிழைத்தன. இந்த நன்மைகளை எந்த டெவலப்பரும் மறுப்பதில்லை. தொல்லைகள் கதவைத் தாண்டி உள்ளே போன பிறகு தொடங்குகின்றன.

முதல் தொல்லை, நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாமை. மேசைக் கணினியில் நிரல் எழுதுபவர் அதை அங்கேயே ஓட்டிப் பார்த்து, தவறினால் எந்த வரியில் தவறியது என்று சில நொடிகளில் அறிந்துகொள்வார். மைக்ரோகன்ட்ரோலருக்குத் திரை இல்லை. நிரலை மாற்றி, கம்பைல் செய்து, சிப்பில் ஏற்றி, ரீசெட் அழுத்தி, பிறகுதான் காத்திருந்து பார்க்க வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் காரணம் நிரலாக இருக்கலாம், வயராக இருக்கலாம், சாலிடரிங்காக இருக்கலாம், மின்னழுத்தம் குறைவதாகவும் இருக்கலாம். கைபேசி சார்ஜ் செய்ய மட்டும் உதவும், தரவுக் கம்பிகளே இல்லாத மலிவான யுஎஸ்பி கேபிளைச் செருகிவிட்டு, போர்டு பழுது என்று முடிவுகட்டாத தொடக்கநிலை மாணவர் அரிது.

அனுபவமுள்ளவர்களுக்கும் வழி அகலமாக இல்லை. நிரலின் இடையே ஓர் எல்இடியைச் சிமிட்டவைத்து அதுவரை வந்துவிட்டதா என்று பார்ப்பது மிகப் பழைய உத்தி, இன்றும் பயன்படுகிறது. சீரியல் கம்பி வழியே எழுத்துகளை வெளியே அனுப்பிப் படிக்கலாம். ஆனால் அப்படி அனுப்புவதற்கே சிப் நேரம் செலவிடுகிறது. மைக்ரோநொடிக் கணக்கில் நடக்கும் பிழை, எட்டிப் பார்த்த மாத்திரத்தில் மறைந்துவிடும். அடுத்தது டீபக்கர் என்ற கருவி. அது இரண்டு கம்பிகள் வழியே சிப்பின் உள்ளே நுழைந்து, நிரலைக் குறித்த வரியில் நிறுத்திக் காட்டும். அப்படி நிறுத்துமிடங்களையும் சிப்பின் வன்பொருள் எண்ணித்தான் தருகிறது. கார்டெக்ஸ் எம்0 வகைச் செயலி உள்ள சிப்பில் அதிகபட்சம் 4, எம்4 வகையில் 6. அத்துடன், மோட்டார் சுழன்றுகொண்டிருக்கையில் செயலியை நிறுத்தினால் அந்தக் கணத்தில் திறந்திருந்த டிரான்சிஸ்டர் திறந்தபடியே நின்று கருகிப்போகவும் கூடும். எனவே மோட்டார், பேட்டரி சார்ஜர் போன்றவற்றுக்கு எழுதுபவர்கள் டீபக்கரை அச்சத்தோடே தொடுகிறார்கள்.

கிளவுடில் கருகுவதற்கு எதுவும் இல்லை. பார்க்க முடியாமை மட்டும் அப்படியே இருக்கிறது. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றிலும் ஒவ்வொரு நிரலுக்கும் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்ற அனுமதி விதிகள் உண்டு. பாதுகாப்புக்கு அவை இன்றியமையாதவை. ஆனால் ஒரு கோரிக்கை மறுக்கப்படும்போது, பல அடுக்கு விதிகளில் எந்த விதி மறுத்தது என்று தெளிவாகச் சொல்லும் பழக்கம் இந்தச் சேவைகளுக்குக் குறைவு. எஸ்3இல் இல்லாத ஒரு கோப்பைக் கேட்டால், பட்டியலைப் பார்க்கும் உரிமை இல்லாதவருக்கு ‘கோப்பு இல்லை’ என்ற பதில் வராது. ‘அனுமதி இல்லை’ என்றுதான் வரும். என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று வெளியார் ஊகித்துவிடாமல் தடுப்பதே இதன் நோக்கம், அது நியாயமானதுதான். விளைவாக, கோப்பின் பெயரில் ஓரெழுத்தைப் பிழையாக அடித்த டெவலப்பர் அரைநாள் அனுமதி விதிகளையே திருத்திக்கொண்டிருப்பார். ஆத்திரத்தில் எல்லா அனுமதிகளையும் திறந்துவிடும் பழக்கமும் இப்படித்தான் வளர்கிறது. தரவுக் கசிவுகளுக்கு ஒரு வழி அங்கே திறக்கிறது.

தன் கணினியில் ஒத்திகை பார்க்கவும் வழி குறைவு. வரிசைச் சேவை, தரவுத்தளச் சேவை, அடையாளச் சேவை எனப் பத்துப் பதினைந்து சேவைகளைக் கோத்துக் கட்டிய நிரலை மேசைக் கணினியில் அப்படியே ஓட்ட முடியாது. போலி கிளவுட் போல நடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. உண்மையானதன் எல்லா நடத்தையையும் அவை பின்பற்றுவதில்லை. எனவே ஒரு வரி திருத்தத்துக்கும் மேலே ஏற்றி, சில நிமிடம் காத்திருந்து, பதிவேட்டில் வரும் குறிப்புகளைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறிப்புகளைச் சேமிக்கவும் தனிக் கட்டணம் உண்டு.

கட்டணம்தான் கிளவுடைப் பற்றிய மிகப் பெரிய குறை. பயன்படுத்திய அளவுக்கே பணம் என்பது கேட்க நியாயமானது. அந்த அளவு எத்தனை வகை அலகுகளில் அளக்கப்படுகிறது என்பதில் சிக்கல் இருக்கிறது. சர்வர் ஓடிய நொடி, சேமித்த ஜிபி, அனுப்பிய கோரிக்கை, ஒரு மண்டலத்திலிருந்து பக்கத்து மண்டலத்துக்குப் போன தரவு என ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அமேசானின் அமெரிக்க மையங்களில் தரவை உள்ளே கொண்டுவர இலவசம். இணையத்துக்கு வெளியே அனுப்ப, மாதத்தின் முதல் 100 ஜிபி போக, ஜிபிக்கு 9 சென்ட். ஒரு டெராபைட்டுக்குச் சுமார் 90 டாலர். உள்வலையில் இருக்கும் சர்வர்கள் இணையத்தை எட்ட உதவும் நாட் கேட்வே என்ற இணைப்புக்கு மணிக்கு 4.5 சென்ட், அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் மேலும் 4.5 சென்ட். சும்மா இருந்தாலே மாதம் 32 டாலரைத் தாண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட். தனித்தனியே சில்லறை, மாத முடிவில் சேரும்போதுதான் கனம் தெரியும். பயிற்சிக்காகத் தொடங்கிய சேவைகளை அணைத்துவிட்டதாக நினைத்திருந்த மாணவருக்கு, ஏதோ ஒரு மண்டலத்தில் மறந்துபோன ஒரு வட்டுக்கோ கேட்வேக்கோ பில் வந்துகொண்டே இருக்கும்.

தன் செயலே இல்லாமல் பில் ஏறுவதும் உண்டு. 2024 ஏப்ரலில் ஒரு டெவலப்பர், சோதனைக்காக எஸ்3இல் காலியான, வெளியார் அணுக முடியாத ஒரு சேமிப்பிடத்தை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயரும், பலர் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளின் முன்னிருப்பு அமைப்பில் இருந்த பெயரும் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டன. உலகெங்கும் அந்த மென்பொருளைத் திருத்தாமல் நிறுவியிருந்த கணினிகள் எல்லாம் தங்கள் காப்புநகல்களை அங்கே அனுப்ப முயன்றன. ஒரே நாளில் ஏறக்குறைய 10 கோடி கோரிக்கைகள். எல்லாமே அனுமதி இல்லை என்று திருப்பப்பட்டவை. இருந்தும் ஒவ்வொரு மறுப்புக்கும் கட்டணம் சேமிப்பிடத்தின் உரிமையாளர் தலையில் விழுந்தது. பில் 1,300 டாலரைத் தாண்டியது. இந்தச் செய்தி பரவிய சில வாரங்களில், மே மாதம், அனுமதியற்ற வெளியார் கோரிக்கைகளுக்கு இனிக் கட்டணம் இல்லை என்று அமேசான் விதியை மாற்றியது. எஸ்3 தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

இவ்வளவு ரூபாயைத் தொட்டதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்று ஓர் உச்சவரம்பு வைக்க முடியாதா என்று புதிதாக வரும் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். வழக்கமான கட்டணக் கணக்குகளில் பெரிய நிறுவனங்கள் தருவது எச்சரிக்கை மின்னஞ்சல்தான். அதுவும் பல மணி நேரம் பழைய கணக்கை வைத்து வரும். நிறுவனங்கள் சொல்லும் காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒரு வங்கியின் சேவை நடுப்பகலில் வரம்பைத் தொட்டால் அதை அணைப்பதா, சேமித்த தரவை அழிப்பதா என்ற கேள்வி உண்மையானது. ஆனால் கற்றுக்கொள்ளும் மாணவருக்கும் வங்கிக்கும் ஒரே விதி தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் தன் மாணவர் கணக்குகளில் செலவு வரம்பை நெடுநாளாகவே வைத்திருக்கிறது. அமேசானும் 2025 ஜூலையில், புதிதாக வருபவர்களுக்குச் சலுகைத் தொகை தீர்ந்ததும் பில் போடாமல் நின்றுவிடும் இலவசத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று, மனம் வைத்தபோது முடிந்திருக்கிறது.

சேவை நின்றுபோவது அடுத்த குறை. அமேசானின் மையங்களில் மிகப் பழையது அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அங்கே எஸ்3இன் பில்லிங் பகுதி மந்தமாக இருந்ததை ஆராய்ந்த ஊழியர் ஒருவர், சில சர்வர்களை மட்டும் விலக்கக் கட்டளை இட்டார். அதில் ஓர் உள்ளீடு தவறாக விழுந்து, அளவுக்கு மீறிய சர்வர்கள் விலகின. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கும் பகுதியே சாய்ந்தது. பல ஆண்டுகளாக முழுமையாக மறுதொடக்கம் செய்யப்படாத பகுதி அது. எழுந்து நிற்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்நேரம் அமேசானின் நிலவரப் பக்கம் எல்லாம் பச்சை என்றே காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தை மாற்றும் கருவியும் எஸ்3ஐ நம்பியே இருந்ததுதான் காரணம். 2020 நவம்பர் 25 அன்று கினிசிஸ் என்ற தரவோட்டச் சேவை விழுந்தபோதும் நிலவரப் பக்கத்தைத் திருத்தும் வழக்கமான கருவி செயலிழந்தது; இம்முறை அது நம்பியிருந்த சேவை வேறு. ரோபோ தரைப்பெருக்கிகளும் கதவு மணிகளும்கூட அன்று தடுமாறின.

2025 அக்டோபர் 20 அன்று நடந்தது இன்னும் விரிவானது. டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் முகவரிகளைப் புதுப்பிக்கும் இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று முந்தி, அந்தத் தரவுத்தளத்தின் முகவரிப் பதிவையே காலியாக்கின. தரவுத்தளம் நலமாகவே இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் அழிந்தது. அதைச் சார்ந்த சேவைகள் வரிசையாக விழ, நாளின் பெரும்பகுதி உலகின் ஏராளமான செயலிகள் தடுமாறின. உடல் வெப்பத்துக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டிச் சூட்டைச் சீராக்கும் இணையப் படுக்கைகளை வைத்திருந்தவர்கள், அன்றிரவு படுக்கையின் சூட்டைக் குறைக்க முடியாமல் தவித்தார்கள். தயாரித்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இணையம் இல்லாதபோதும் புளூடூத் வழியே இயக்கும் வசதியைச் சேர்த்தது. படுக்கையறையில் ஓடும் ஒரு பம்புக்கு வர்ஜீனியாவின் ஒப்புதல் எதற்கு என்ற கேள்வியை வடிவமைப்பின் முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இதுபோன்ற நிறுத்தங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகின்றன. சேவையே மூடப்படுவது தீராதது. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய பார்ஸ் என்ற சேவை, கைபேசிச் செயலிகளுக்குப் பின்புலச் சர்வராக இருந்தது. 2015 மார்ச்சில், எம்பெடட் கருவிகளும் இதில் இணையலாம் என்று ஆரவாரத்தோடு அறிவித்தார்கள். பத்தே மாதம் கழித்து, 2016 ஜனவரியில், ஓர் ஆண்டில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அதன் நிரலைத் திறமூலமாக வெளியிட்டது பாராட்டத்தக்கது. செயலி எழுதியவர்கள் சொந்தச் சர்வரில் தொடர முடிந்தது. கூகுளின் ஐஓடி கோர் சேவை, வயல்களிலும் தொழிற்சாலைகளிலும் உள்ள சென்சார்களை கிளவுடோடு இணைக்க வந்தது. அதற்கும் 2022 ஆகஸ்டில் ஓராண்டு அவகாசம் தந்து, 2023 ஆகஸ்ட் 16 அன்று மூடினார்கள். ஓராண்டு என்பது இணையதளத்துக்குப் போதும். கம்பத்தின் உச்சியிலும் கிணற்று மேட்டிலும் பொருத்திய ஆயிரக்கணக்கான கருவிகளுக்குப் புது முகவரியைக் கொண்டுசேர்க்க அது மிகக் குறைந்த காலம்.

வாங்கியவர் கையிலேயே பொருள் செத்துப்போனதும் உண்டு. 300 டாலர் விலையுள்ள ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு ஹப், ஆயுள் முழுதும் சந்தா தேவையில்லை என்ற வாக்குறுதியோடு விற்கப்பட்டது. அதைத் தயாரித்த நிறுவனத்தை கூகுளின் நெஸ்ட் நிறுவனம் 2014இல் வாங்கி, 2016 மே 15 அன்று சர்வரை அணைத்தது. ஹப்பில் எந்தப் பழுதும் இல்லை. விளக்கைப் போடச் சொல்லும் குரல் மட்டும் வரவில்லை.

சிப் பக்கத்துக்குத் திரும்பினால், அங்கே கருவிகளே சுமை. ஒவ்வொரு சிப் நிறுவனமும் தனக்கென ஒரு நிரலாக்கச் சூழலை வைத்திருக்கிறது. ஓரிடத்தில் எக்லிப்ஸை அடித்தளமாகக் கொண்டது, இன்னோரிடத்தில் நெட்பீன்ஸ். திட்டக் கோப்பு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகாது. பொத்தானை அழுத்தினால் ஆயிரக்கணக்கான வரிகளைத் தானே எழுதித் தரும் வசதி இவற்றில் உண்டு. பதிப்பு மாறி மறுபடி அழுத்தும்போது அந்த வரிகள் மாறி, குறித்த இடத்துக்கு வெளியே டெவலப்பர் சேர்த்தவை அழிந்துபோகும். எஃப்பிஜிஏ என்ற, உள்சுற்றையே மாற்றியமைக்கக் கூடிய சிப்புகளுக்கான ஸைலிங்க்ஸ் தொகுப்பை முழுதாக நிறுவினால் 100 ஜிபிக்கும் மேல் இடம் பிடிக்கும்.

லைசென்ஸ் தொல்லை தனி. கெயில் கம்பைலரின் இலவசப் பதிப்பு நெடுங்காலம் 32 கிலோபைட் நிரலோடு நின்றுகொண்டது. மைக்ரோசிப்பின் எக்ஸ்சி8 கம்பைலர், இலவச முறையில் ஓடும்போது, கட்டணப் பதிப்பாக இருந்தால் நிரல் இன்னும் எவ்வளவோ சிறிதாக வந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் அறிவித்தது. சிப்பைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அதில் நிரல் ஏற்றும் கருவியை அரைகுறையாகத் தருவது, சிப் விற்கும் நிறுவனத்துக்கே நட்டம் என்பதைப் பல நிறுவனங்கள் தாமதமாகத்தான் உணர்ந்தன.

டிரைவர் மென்பொருள் ஆயுதமான கதையும் உண்டு. யுஎஸ்பியைச் சீரியல் கம்பியாக மாற்றும் சிப்புகளில் ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் பெயர்பெற்றது. அதனாலேயே போலிகள் ஏராளம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த அதன் புதிய டிரைவர், போலிச் சிப்பைக் கண்டதும் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதன் பிறகு எந்தக் கணினியும் அந்தச் சிப்பை அடையாளம் காணவில்லை. போலி செய்தவர் எங்கோ இருந்தார். தண்டனை பெற்றவர்கள், உண்மையானது என்று நம்பிப் போர்டு வாங்கிய மாணவரும், தெரியாமலே போலிச் சிப்பைத் தன் பொருளில் பொருத்திய சிறு தொழிலதிபரும்தான். எதிர்ப்பு வலுக்கவே டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. மலிவான போர்டுகள் செய்வோர் பலர் சீனாவின் சிஎச்340 சிப்பைப் பொருத்தினார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஆர்டுயினோ நகல் வாங்கும் கல்லூரி மாணவர், கூடவே சிஎச்340 டிரைவரைத் தேடி நிறுவ வேண்டியிருப்பது அதனால்தான்.

ஆவணங்களில் இரண்டு வகைக் குறை. சில நிறுவனங்கள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அன்றி எதையும் தருவதில்லை. சிறிய நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் அந்த ஒப்பந்தமே கிடைக்காது. திறந்து தருபவர்களிடம் அளவு அச்சுறுத்துகிறது. எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32எஃப்4 சிப்புக்கான கையேடு மட்டும் 1,700 பக்கங்களுக்கு மேல். சிப்பில் உள்ள பிழைகள் அதில் இருக்காது. அவற்றுக்கு எர்ராட்டா என்ற தனிப் பட்டியல். அதைப் படிக்காமல் வாரக்கணக்கில் தன் நிரலையே சந்தேகித்தவர்கள் இத்துறையில் எங்கும் உண்டு.

பிழை இல்லாத சிப் கிடையாது. பிழையை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ராஸ்பெரி பை 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வெளியிட்ட பைகோ போர்டு விரும்பப்பட்டதற்கு அதன் தெளிவான ஆவணங்கள் முக்கியக் காரணம். அதைச் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். நிரல் கோப்பை இழுத்துப் போட்டால் போதும், தனி டிரைவரோ டீபக்கரோ வேண்டாம். 2024இல் வந்த அடுத்த சிப்பான ஆர்பி2350இல், உள்ளீட்டு முனை ஒன்றை உள்மின்தடை மூலம் பூஜ்யத்தில் வைத்தால் அது சுமார் 2 வோல்ட்டில் சிக்கிக்கொள்ளும் பிழை இருந்தது. நிறுவனம் அதை இ9 என்ற எண்ணோடு வெளிப்படையாகப் பட்டியலிட்டது, வெளியே சிறிய மின்தடை பொருத்தும் மாற்றுவழியைச் சொன்னது, 2025இல் திருத்திய சிப்பைக் கொண்டுவந்தது. டெவலப்பர்கள் குறைபட்டார்கள், சிப்பைக் கைவிடவில்லை.

இரண்டு உலகங்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சிக்கல் இரட்டிக்கிறது. ஆர்ம் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எம்பெட், சிப்புக்கான நிரலை இணைய உலாவியிலேயே எழுதி, கிளவுடில் கம்பைல் செய்து, கோப்பாக இறக்கிக்கொள்ளும் வழியைக் காட்டியது. எதையும் நிறுவ வேண்டாம் என்பதால் கல்லூரிகள் விரும்பி ஏற்றன. 2024 ஜூலையில், இரண்டு ஆண்டுகளில், அதாவது 2026 ஜூலையோடு எம்பெடின் ஆயுள் முடியும் என்று ஆர்ம் அறிவித்தது. எம்பெட் அமைப்பின் நிரல் திறமூலம் என்பதால் ஆர்வலர்கள் சிலர் தனிக் கிளையாக எடுத்து வளர்க்கிறார்கள். கிளவுட் கம்பைலரை மட்டும் நம்பிப் பாடத்திட்டம் எழுதிய ஆசிரியருக்கு அந்த வழி அவ்வளவு எளிதாக இராது.

காலாவதியாகும் சான்றிதழ்கள் இன்னும் நுட்பமான பொறி. கருவி ஒன்று சர்வரோடு பேசும் முன், அது உண்மையான சர்வர்தானா என்று தன்னுள் சேமித்திருக்கும் வேர்ச்சான்றிதழைக் கொண்டு சரிபார்க்கும். அந்தச் சான்றிதழுக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, உலகின் கோடிக்கணக்கான இணையதளங்கள் சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற வேர்ச்சான்றிதழ் காலாவதியானது. புதிய கைபேசிகளுக்குப் பாதிப்பில்லை. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல, சர்வர் சரியாக இருந்தும் அதை நம்ப மறுத்து மௌனமாயின. அவற்றுக்குப் புதிய சான்றிதழ் அனுப்பலாம் என்றால், அனுப்பும் சர்வரையும் அவை நம்பாது. அப்போது ஆள் நேரில் போக வேண்டும். தொலைவிலிருந்து ஃபர்ம்வேர் மாற்றும்போது பாதியில் மின்சாரம் போனால் நேர்வதும் இதுவே. பழைய நிரலின் நகலை வைத்திருந்து, புதியது எழாவிட்டால் அதற்குத் திரும்பும் ஏற்பாட்டுக்கு இருமடங்கு நினைவகம் வேண்டும். விலையைக் குறைக்க அந்த நினைவகத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

தீர்வுகள் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன; பெரும்பாலும் டெவலப்பர்களே தேடிக்கொண்டவை. லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 எஃப்பிஜிஏ சிப்புக்குள் போகும் ரகசியக் கோப்பின் அமைப்பைக் கிளேர் வுல்ஃபும் உடனிருந்தவர்களும் பிட் பிட்டாக ஆராய்ந்து, 2015இல் ஐஸ்ஸ்டார்ம் என்ற பெயரில் வெளியிட்டார்கள். பல ஜிபி தொகுப்புக்குப் பதிலாகச் சிறிய திறமூலக் கருவிகளால் எஃப்பிஜிஏவை இயக்கலாம் என்று அது காட்டியது. ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் தன் இஎஸ்பி32 சிப்புக்கான நிரலாக்கத் தொகுப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தச் சிப் இவ்வளவு பரவியதற்கு விலையோடு அதுவும் காரணம். 2016இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிய ஸெஃபிர் என்ற இயங்குதளம், வெவ்வேறு நிறுவனச் சிப்புகளுக்கு ஒரே நிரலை எழுத வழிசெய்கிறது. அதைக் கற்பது கடினம் என்ற குறை இருக்கிறது. ஆனால் அது பொதுவில் திருத்தக்கூடிய குறை.

கிளவுடைவிட்டு வெளியேறியவர்களும் உண்டு. டிராப்பாக்ஸ் தன் கோப்புகளில் பெரும்பகுதியை எஸ்3இலிருந்து சொந்த மையங்களுக்கு மாற்றி, இரண்டே ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சப்படுத்தியது. 2022இல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் செலவிட்ட 37சிக்னல்ஸ் நிறுவனம் சர்வர்களைச் சொந்தமாக வாங்கி மாறிக்கொண்டது. சென்னையின் ஸோஹோ தன் சேவைகளைச் சொந்த டேட்டா சென்டர்களிலேயே நடத்துகிறது. சுமை ஏறி இறங்காமல் சீராக இருக்கும் நிறுவனத்துக்கு இது கட்டுப்படியாகும். பத்துப் பேர் கொண்ட புதிய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு கிளவுடே சரி, வெளியேறும் வழி திறந்திருந்தால்.

அந்த வழியைத் திறப்பதில் சட்டம் கொஞ்சம் உதவியிருக்கிறது. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம், வாடிக்கையாளர் வேறு கிளவுடுக்கு மாறும்போது வசூலிக்கும் கட்டணங்களை 2027 ஜனவரிக்குள் அடியோடு நீக்கச் சொல்கிறது. அதை எதிர்நோக்கியே கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்டும், முற்றிலும் வெளியேறுபவர்களுக்கு தரவு வெளியேற்றக் கட்டணத்தை 2024 தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்தன. அதே ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பர் 11 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளை விற்பவர்கள் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் தர வேண்டும் என்கிறது.

நிறுவனமே இல்லாமல் போனால் எந்தச் சட்டத்தாலும் சர்வரை ஓட்ட முடியாது. இன்ஸ்டியான் என்ற அமெரிக்க வீட்டுத் தானியக்க நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வர்களை அணைத்தது. காரணம் புரியாமல் ஹப்பை ரீசெட் செய்தவர்கள் அதில் இருந்த அமைப்புகளையும் இழந்தார்கள். ரீசெட் செய்யாதவர்கள் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவி, வீட்டு வலையிலிருந்தே ஹப்பை இயக்கினார்கள். ஜூன் மாதம் அந்தப் பொருளைப் பயன்படுத்தியவர்களிலேயே சிலர் சேர்ந்து நிறுவனத்தை விலைக்கு வாங்கி, சர்வர்களை மறுபடி ஓட்டி, இம்முறை வெளிப்படையாகவே சந்தா கேட்டார்கள்.